சின்னத் துளி படும் பாடு

வணக்கம். இந்த மழையிலும் சமூக மன்றம் வரை வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. வாசலில் குடையை உதறினீர்களே, அந்தத் துளிகள் முதன்முதலில் எப்படிப் பிறந்தன என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் காலையில் மூங்கில் கழியில் போட்ட துணி மாலையிலும் சொதசொதவென்று இருக்கும். ஈரப்பதம் 100 விழுக்காட்டைத் தொட்டால் நீராவி தானாகத் துளியாகிவிடும் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். தூசியே இல்லாத காற்றில் அது நடக்காது. துளியின் வளைவு விடாது.

தட்டையான நீர்ப்பரப்பில் ஒரு மூலக்கூறு இருக்கிறது. பக்கத்திலும் கீழேயும் உள்ளவை அதை இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. பரப்பு உருண்டையானால் பக்கத்தில் இருப்பவை சற்றே கீழே சரிந்துவிடுகின்றன, பிடி தளர்கிறது, மூலக்கூறு காற்றுக்கு ஓடிவிடுகிறது. துளி சிறுக்கச் சிறுக்க இந்த ஓட்டம் கூடும். 1871இல் இதைச் சமன்பாடாக எழுதியவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர்.

துளியின் ஆரம் 1 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் ஆவியழுத்தம், அதாவது மூலக்கூறுகள் காற்றுக்கு ஓடத் துடிக்கும் அளவு, தட்டையான நீரைவிட 0.1 விழுக்காடுதான் கூடும். அதைச் சட்டை செய்ய வேண்டாம். 10 நானோமீட்டரில் (ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுமார் 11 விழுக்காடு. அந்தத் துளிக்குள் அழுத்தமும் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல 140 மடங்குக்கு மேல், கடலில் 1,400 மீட்டர் ஆழத்தில் இருப்பதுபோல! 1 நானோமீட்டரில் ஆவியழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. (அத்தனை சிறிய துளிக்குப் பரப்பு இழுவிசையே (நீர்ப்பரப்பை இறுக்கிப் பிடிக்கும் விசை) மாறிவிடுமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போகவேண்டாம்.) அப்படிப்பட்ட துளி பிழைக்க ஈரப்பதம் ஏறக்குறைய 300 விழுக்காடு வேண்டும். மேகத்துக்குள் அது 101ஐத் தாண்டுவதே அபூர்வம்.

அப்புறம் மழை எப்படி? கடல் உப்புதான் கைகொடுக்கிறது. அலை தெறிக்கும்போது காற்றில் ஏறும் உப்புத்துகள்மேல் நீராவி படிந்தால், துளி பிறக்கும்போதே ஓரளவு பெரிதாகப் பிறக்கிறது. கரைந்த உப்பும் நீரை ஓடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. புகைத்துகளும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் புகைமூட்டக் காலம்போல அது மிதமிஞ்சினால், இருக்கிற நீரை ஆளாளுக்குப் பங்குபோட்டு எல்லாத் துளிகளும் குட்டையாகவே நின்றுவிடும். ஒரு மழைத்துளிக்குச் சுமார் ஒரு மில்லியன் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டுமே!

சரி, பின்வரிசையில் ஒரு தம்பி வெகுநேரமாகக் கை தூக்கியபடி இருக்கிறார். ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.