ஏழு நிமிஷம்

நேயர்களுக்கு வணக்கம். நான் 31 வருஷம் பஸ் கண்டக்டராக ஓடி ஓய்வு பெற்றவன். 'வேலையில் வருகிற மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி' என்று பேச வேண்டும், வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன். நான் சமாளித்த லட்சணம் என் வீட்டில் கேட்டால் தெரியும். சரி, பட்டதைச் சொல்கிறேன்.

காலை முதல் டிரிப்பில் கண்டக்டர் பையில் சில்லறை இருக்காது. ஏறுகிறவர்கள் கையில் இருப்பதெல்லாம் முழு நோட்டு. பாக்கியை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுப்போம். எழுதிக் கொடுத்ததோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்த நிமிஷத்திலிருந்து அவர் கண் என் பையை விட்டு அகலாது. இவன் தராமல் ஏமாற்றிவிடுவானோ என்று அவருக்கு. வாங்காமல் இறங்கிப்போய், சாயங்காலம் வந்து சண்டை போடுவாரோ என்று எனக்கு. இப்படி ஒரு பஸ்ஸில் இருபது பாக்கி.

ஒருநாள் பளிச்சென்று சட்டை போட்ட ஒருவர், ஒரு ரூபாய் பாக்கிக்காக எல்லோரும் கேட்க என்னைத் திருடன் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பெரிய பொறுமைசாலி என்று எனக்கே ஒரு பெருமை. மூன்றாவது நிறுத்தத்தில் ஓர் ஆச்சி ஏறினாள். ஒன்பது ரூபாய் டிக்கெட்டுக்கு நூறு ரூபாய் நீட்டினாள். "இதென்ன பேங்கா ஆச்சி? காலங்காத்தால உயிரை எடுக்கீங்களே!" என்று கத்திவிட்டேன். ஆச்சி பதில் பேசவில்லை. சுருக்குப்பையைத் திறந்து, கோயில் உண்டியலுக்கென்று துணியில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து, ஒவ்வொரு ரூபாயாக என் கையில் வைத்தாள். ஒன்பதாவது நாணயம் விழுகிற வரைக்கும் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சட்டைக்காரரிடம் வாங்கியதைத்தான் ஆச்சியின் தலையில் இறக்கினேன். அன்றைக்கு மிச்சம் இருந்ததை வீட்டில் போய் இறக்கினேன்.

ஸ்டேஜ், அதாவது கட்டணம் மாறுகிற நிறுத்தம், வந்தால் டிக்கெட் நம்பரை ஒரு தாளில் குறிக்க வேண்டும். அதற்காகக் கம்பியில் சாய்ந்து நிற்பது அரை நிமிஷம் இருக்கும். ஆச்சிக்கு அப்புறம் அந்த அரை நிமிஷத்தில் இன்னொரு கணக்கும் பார்க்கப் பழகினேன்: போன ஸ்டேஜில் யார் மேல் கோபம், அந்த ஆள் இறங்கியாச்சா? பாதி நாள் அவர் இறங்கிப் போயே பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான்தான் அவரை டிக்கெட் இல்லாமல் ஏற்றிக்கொண்டு போவேன். எல்லா நாளும் இது பலித்தது என்று சொல்ல மாட்டேன். பலித்த நாளில் வீட்டில் சாப்பாடு இறங்கியது.

விசிலும் ஒரு உபகாரம் செய்தது. மூச்சை விட்டால்தானே விசில் ஊத முடியும்? மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், வெளியே போகும்போது கொஞ்சம் குறையும் என்று பின்னாளில் ஒரு டாக்டர் விளக்கினார். அதனால் கோபம் வந்தால் மூச்சை நீளமாக, மெதுவாக விடச் சொன்னார். என்னோடு ஓடிய டிரைவர் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தபோது பழக்கமான டாக்டர் அவர்.

அவர் ஒரு கதையும் சொன்னார். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து 1953இல் எழுதினார். ஒரே பஸ்ஸில் போகிற இருவரில், டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார், டிரைவர் உட்கார்ந்தே இருக்கிறார் என்பதுதான் அவர் கண்ட முக்கியக் காரணம். ஆனால் வேலைக்குச் சேரும்போதே கண்டக்டர்களைவிட டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவு பெரிதாக இருந்ததாம்; அப்படியென்றால் உட்கார்ந்த வேலை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அதையும் அவரே கால்சட்டை அளவுகளைப் பார்த்துக் கண்டுபிடித்து, பிறகு எழுதினார். தன் முடிவையே சந்தேகப்பட்ட அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப்போனது.

ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் இன்னொன்று சொன்னார். வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளை வதைப்பதில்லை. வேலையும் அதிகம், அதை எப்படிச் செய்வது என்பதில் நம் கையில் ஒன்றும் இல்லை என்கிற இடத்தில்தான் அழுத்தம் கூடுகிறது. இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் டைம் ஷீட்தான் ஞாபகம் வந்தது.

எங்கள் தடத்துக்கு ஒரு டிரிப் 55 நிமிஷம். அந்தக் கணக்குப் போட்டபோது வழியில் வேகத்தடையும் கிடையாது, கல்யாண மண்டபமும் கிடையாது. அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், கண் கடிகாரத்தில் இருக்கும். ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே அடுத்த டிரிப்புக்கு நேரமாகியிருக்கும். ஒன்றுக்குப் போக நேரமில்லை என்று வெயில் காலத்திலும் தண்ணீர் குடிக்க மாட்டார். இவரிடம் போய் தியானம் பண்ணுங்கள், நல்லதையே நினையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டீக்கடையில் இதைப் பற்றிப் புலம்பாத நாள் கிடையாது. புலம்பினால் மனசு லேசாகும் என்பார்கள். ஒருநாள் ஆகும். தினமும் அதே ஐந்து பேர், அதே பெஞ்சு, அதே புலம்பல் என்றால் டீ குடித்து எழுந்திருக்கும்போது உட்கார்ந்ததைவிடக் கனமாக எழுந்திருப்போம். நான் சிலகாலம் அந்தப் பெஞ்சுக்கே போகவில்லை. 'கண்டக்டருக்குத் தலைக்கனம்' என்றார்கள். இருக்கட்டும்.

அண்ணாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தினமும் ஒவ்வொரு டிரிப்பும் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே நின்றது, எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று எழுதினேன். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் எழுதினார்கள். ஒரு மாதம். பிறகு சங்கத்து ஆளைக் கூட்டிக்கொண்டு போய் மேலதிகாரி மேசையில் வைத்தோம். முதல் தடவை, 'பார்க்கலாம்' என்றார். இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவை நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். நோட்டுப் போட்டுத் தீர்க்க முடியாத கஷ்டமும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, இருந்து என்ன செய்ய என்று தோன்றுகிறது என்றால் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற இலவச சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எங்களோடு வேலை பார்த்த ஒரு பையன் பேசினான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. மறுவாரம் டூட்டிக்கு வந்தான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எங்கள் டிரிப்புக்கு ஏழு நிமிஷம் கூட்டிக் கொடுத்தார்கள். நாங்கள் கேட்டது பத்து. முதல் நாள் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறங்கிப்போய் முகம் கழுவிவிட்டு வந்தார். டீயை ஆற்றி, பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார். அப்படியும் இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.