பின்லாந்து வயலா, இந்தோனேசியா தோட்டமா: எங்க நைட்ரஸ் ஆக்சைடு அதிகம்?

வணக்கம் மக்களே. ஒரு ஹெக்டேர் பீட் நிலம் பின்லாந்துல, இன்னொரு ஹெக்டேர் இந்தோனேசியாவுல. ரெண்டுலயும் கால்வாய் வெட்டி தண்ணிய வடிச்சாச்சு. பூமிய சூடாக்குற நைட்ரஸ் ஆக்சைடு வாயுவ எது அதிகமா விடும்? வெயில் ஊரு, அதனால இந்தோனேசியானுதான் நிறைய பேர் சொல்லுவீங்க. 2006-ல ஐபிசிசி, அதாவது ஐ.நா.வோட காலநிலை அறிவியல் குழு, கொடுத்த கணக்கும் அதேதான் சொல்லுச்சு.

மொதல்ல பீட்னா என்ன? செத்த செடிகொடி எல்லாம் தண்ணிக்குள்ள காத்துபடாம கிடந்து, மக்காம ஆயிரக்கணக்கான வருஷமா சேர்ந்த மண்ணு. தண்ணிய வடிச்சதும் காத்து உள்ள போகுது, மண்ணு மக்க ஆரம்பிக்குது, அதுல இருந்த நைட்ரஜன் அம்மோனியமா வெளிய வருது, ஒரு வகை பாக்டீரியா அத நைட்ரேட் ஆக்குது, அப்புறம் மழை பேஞ்சு காத்து கொறஞ்சா வேற பாக்டீரியா வந்து அந்த நைட்ரேட்ட உடைக்குது. முழுசா உடைச்சா வெறும் நைட்ரஜன் வாயு, பிரச்சனையே இல்ல. பாதியில நின்னாதான் நைட்ரஸ் ஆக்சைடு. அதனால ஒரேயடியா முழுகின மண்ண விட, ஈரமும் காத்தும் மாறி மாறி வர்ற மண்ணுதான் மோசம்.

(திரையில்: ரெண்டு நாட்டு மேப், பக்கத்துல நம்பர்)

இப்ப நம்பருக்கு வருவோம். எல்லாம் ஒரு ஹெக்டேருக்கு, ஒரு வருஷத்துக்கு, நைட்ரஜன் எடைய மட்டும் வச்சு. 2006 கணக்குல குளிர் நாட்டு பீட் வயலுக்கு 8 கிலோ, வெப்ப நாட்டுக்கு 16. 2013-ல சதுப்பு நிலத்துக்குன்னு தனியா ஒரு வழிகாட்டி போட்டாங்க, அதுல பின்லாந்து மாதிரி வடகோடி பயிர் நிலத்துக்கு 13, வெப்ப நாட்டு பயிருக்கு 5, எண்ணெய்ப்பனை தோட்டத்துக்கு 1.2, நெல்லுக்கு வெறும் 0.4. அப்படியே தலைகீழ்! மண்ணு மாறல, அளவு எடுத்த இடங்கள் கூடுச்சு, அவ்ளோதான். வெப்ப நாட்டுல அளந்தது இன்னும் கம்மிதான், அதையும் மனசுல வச்சுக்கோங்க. தோட்டத்துல போடற உரம் வேற தனிக் கணக்கு.

சரி, குளிர் ஊர்ல ஏன் இவ்ளோ? ஒரு முக்கிய காரணம் உறைபனி. குளிர்காலத்துல மண்ணு உறைஞ்சு, வசந்தத்துல உருகறப்போ வாயு குபுகுபுன்னு கிளம்பும். வெயில் காலத்துல மட்டும் போய் அளந்தா இது மாட்டவே மாட்டாது.

ஆனா மொத்தம்னு பாத்தா கதை வேற. பின்லாந்து பயிர் நிலத்துல சுமார் பத்துல ஒரு பங்குதான் பீட். இந்தோனேசியாவுல பீட் மட்டும் 1 கோடி ஹெக்டேருக்கு மேல. 1990-கள்ல போர்னியோ தீவுல இருக்கற இந்தோனேசியாவோட மத்திய கலிமந்தான்ல நெல்லு போடறோம்னு சுமார் 10 லட்சம் ஹெக்டேர்ல கை வச்சு, 4,000 கிலோமீட்டருக்கு மேல கால்வாய் வெட்டுனாங்க. கால்வாய் வந்துச்சு, நெல்லு வரல.

எனக்கு முக்கியமா படறது இதுதான். பின்லாந்து வயல்ல ஒரு ஹெக்டேருக்கு வருஷத்துக்கு வர்ற இந்த நைட்ரஸ் ஆக்சைடு, எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு பூமிய சூடாக்கும்னு கணக்குல பாத்தா சுமார் அஞ்சரை டன், மண்ணு மக்கி வர்ற கார்பன் டை ஆக்சைடு 29 டன். எண்ணெய்ப்பனை தோட்டத்துல நைட்ரஸ் ஆக்சைடு அரை டன், மண்ணு மக்கி வர்ற கார்பன் டை ஆக்சைடு சுமார் 40. நம்ம ரேஷன் கடை பாமாயிலும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துல இருந்து வர்றதுதான். அதனால நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் வச்சு ரேங்க் போட்டா பனைத்தோட்டம் நல்ல பிள்ளையா தெரியும், நம்பிடாதீங்க.

தண்ணிய திரும்ப ஏத்துனா ரெண்டும் கொறையும், ஆனா மீத்தேன் கிளம்பும். அது அடுத்த வீடியோல.