கேஸ் வராத நாளில் என்ன செய்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

கேஸை எரித்து மின்சாரம் தயாரிக்கும் கேஸ் டர்பைனை விற்க வருகிறவரின் தாளில் முதல் வரியிலேயே ஒரு எண் பெரிதாக அச்சிட்டிருக்கும். எரிபொருளில் உள்ள சக்தியில் எத்தனை சதவீதம் மின்சாரமாகக் கிடைக்கும் என்ற கணக்கு அது. நல்ல இயந்திரம் என்றால், அது வெளியேற்றும் சூட்டில் ஓடும் நீராவி டர்பைனையும் சேர்த்து 60-ஐத் தாண்டும். ஆனால் கானாவின் அக்ராவிலோ நைஜீரியாவின் லாகோஸிலோ வாங்க உட்கார்ந்திருப்பவர் அந்த எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பார். "கேஸ் வராத நாளில் இது என்ன செய்யும்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அந்தக் கேள்வியை அனுபவம்தான் கற்றுக்கொடுத்தது. நைஜீரியாவிலிருந்து பெனின், டோகோ கடற்பரப்பு வழியாகக் கானாவுக்கு ஒரு கேஸ் குழாய் போகிறது. 2012 ஆகஸ்டில் ஒரு கப்பலின் நங்கூரம் அந்தக் குழாயைச் சேதப்படுத்தியது. பல மாதங்கள் கேஸ் இல்லை. கானாவில் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டது. அகன் மொழியில் அணைப்பதையும் ஏற்றுவதையும் குறிக்கும் இரண்டு சொற்களைச் சேர்த்து மக்கள் அதற்கு "டும்சோர்" என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல் 2016 தேர்தல் வரைக்கும் அரசாங்கத்தைத் துரத்தியது.

அதனால்தான் கேஸ், டீசல் இரண்டிலும் ஓடும் இயந்திரம் வேண்டும் என்கிறார்கள். சிலர் லேசான கச்சா எண்ணெயிலும் ஓட வேண்டும் என்பார்கள். இதற்கு ஒரு விலை உண்டு. எண்ணெயில் கலந்து வரும் வனேடியமும் சோடியமும் டர்பைனின் சூடான பகுதியிலுள்ள பிளேடுகளை அரித்துவிடும். பராமரிப்பு சீக்கிரமே வந்து நிற்கும். வாங்குபவருக்கு இது தெரியாமல் இல்லை. இருட்டில் கிடப்பதைவிட பிளேடு தேய்வது மேல் என்று கணக்குப் போடுகிறார்.

சரி, அவசரத்தில் வாங்கினால் என்ன ஆகும்? அதற்கும் கானாதான் உதாரணம். விமான எஞ்சினிலிருந்து பிறந்த, டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவரக்கூடிய 10 டர்பைன்களை அபோவாட்சேயில் நிறுத்தினார்கள். மொத்தம் 250 மெகாவாட். 2015 கடைசியில் துருக்கியிலிருந்து மின்சாரம் தயாரிக்கும் கப்பலே தேமா துறைமுகத்துக்கு வந்தது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஒப்பந்தம் போட்டதில், எடுக்காத மின்சாரத்துக்கும் பணம் கட்ட வேண்டிய நிலை வந்தது. அது ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் என்று 2019-இல் நிதியமைச்சரே சொன்னார். பசியில் கடைக்குப் போனவன் கதைதான்.

எகிப்தின் கதை வேறு மாதிரி. 2015-இல் சீமென்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, மூன்று இடங்களில் 24 மாபெரும் கேஸ் டர்பைன்களை நிறுவினார்கள். 2018-இல் வேலை முடிந்தது. மொத்தம் 14,400 மெகாவாட். உலகத்தின் உயர்தர இயந்திரங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2023 கோடையில் கெய்ரோவில் தினமும் மின்வெட்டு. வெயில் கொளுத்தியது, உள்நாட்டுக் கேஸ் உற்பத்தியோ குறைந்துகொண்டிருந்தது. டர்பைன்கள் நின்ற இடத்தில் நின்றன.

எகிப்தைப் போலப் பெரிய இயந்திரம் எல்லோரும் வைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மின்வலையின் உச்சத் தேவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இயந்திரத்தை நம்பாதே என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. அது திடீரென்று டிரிப் ஆகி நின்றுபோனால் வலையே விழுந்துவிடும். உச்சத் தேவையே சில நூறு மெகாவாட் உள்ள நாட்டுக்கு 400 மெகாவாட் டர்பைனைக் காட்டி என்ன பயன்? 10, 20 மெகாவாட் பிஸ்டன் எஞ்சின் விற்பவரிடம் டர்பைன்காரர் தோற்பது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று வெப்பம். தாளில் போட்டிருக்கும் மெகாவாட், 15 டிகிரி வெப்பத்தில், கடல் மட்டத்தில் அளந்தது. வெப்பம் ஏறினால் காற்று லேசாகும், உள்ளே போகும் காற்றின் எடை குறையும், மின்சாரமும் குறையும். 35 டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஜோகன்னஸ்பர்க் மாதிரி 1,700 மீட்டர் உயரத்தில் அதைவிடவும் கூடுதலாகப் போகும். அப்புறம் சஹாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று கொண்டுவரும் புழுதி. நான் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நிலையத்தில் வேலை பார்த்தபோது, டிசம்பர் வந்தால் காலையில் முதலில் பார்ப்பது காற்று வடிகட்டியின் அழுத்த மீட்டரைத்தான். ஒருமுறை உதிரிப் பாகப் பெட்டி ஒன்று துறைமுகத்தில் ஆறு வாரம் மாட்டிக்கொண்டது. அந்த ஆறு வாரமும் நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் பெறுமான இயந்திரம் சும்மா கிடந்தது. உதிரிப் பாகக் கிடங்கு உள்ளூரிலேயே வேண்டும் என்று வாங்குபவர்கள் ஒப்பந்தத்தில் பிடிவாதம் பிடிக்கும்போது எனக்கு அந்தப் பெட்டி நினைவுக்கு வரும்.

காற்றாலைக்காரர்களுக்கும் இதே பாடம். கென்யாவின் துர்கானா ஏரிப் பக்கம் 365 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 850 கிலோவாட்தான். இவ்வளவு சிறியது ஏன் என்றால், பெரிய இறக்கையை அந்தச் சாலையில் கொண்டுபோக முடியாது. சிறியதைக் கொண்டுபோகவே 200 கிலோமீட்டர் சாலையைச் செப்பனிட்டார்கள். 2017-இல் எல்லாம் தயார். மின்சாரத்தை எடுத்துப்போகும் கம்பிப் பாதையோ 2018 செப்டம்பரில்தான் வந்தது. அதற்குள் கென்ய அரசாங்கம் அபராதம் கட்ட வேண்டியதாயிற்று.

பணம் இன்னொரு தலைவலி. கடன் டாலரில், மின்கட்டணம் உள்ளூர்ப் பணத்தில், நைஜீரியாவில் என்றால் நைராவில். நைஜீரியாவின் அசூரா-எடோ நிலையம், 461 மெகாவாட், உலக வங்கி உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் எழுந்தது. அதனால் விற்பவர் கடனுக்கு வழியும் காட்டினால்தான் பேச்சே தொடங்கும்.

இப்போது புதிதாக ஒரு சங்கடம். அமெரிக்க டேட்டா சென்டர்கள் டர்பைன்களை மொத்தமாக முன்பதிவு செய்கின்றன. புது இயந்திரத்துக்குப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். சிறிய ஆர்டர் கொடுப்பவர் வரிசையின் கடைசியில். ஆகவே பழைய டர்பைனைத் தேடுகிறார்கள். ஆனால் மின்சாரத்தின் அதிர்வெண் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எங்கும் 50; ஜெனரேட்டர் அதற்கேற்ற வேகத்தில் சுற்ற வேண்டும். ஜெனரேட்டரோடு நேரடியாக இணைத்த பெரிய இயந்திரத்தின் வேகத்தை மாற்ற முடியாது. 40 மெகாவாட் அளவிலான பழைய ரகங்கள் சில, கியர்பாக்ஸ் வழியாகச் சுற்றுபவை. கியரை மாற்றிப் பயன்படுத்தலாம். அதனால் இப்போது லாகோஸிலிருந்து போன் வந்தால், எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை தடவை ஸ்டார்ட் செய்தார்கள் என்று கேட்பதற்கு முன்பே, "கியர்பாக்ஸ் இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.