பூட்டில்லாமல் விற்கலாம்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு நான் பேச வந்த விஷயம் உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கும். ஆனால் கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் சனிக்கிழமை பின்னேரங்களில் யாராவது ஒருவர் வீட்டில் கூடியிருந்து இருபது முகப் பகடையை உருட்டிக்கொண்டு, "கதவைத் திறக்கிறேன், உள்ளே என்ன இருக்குது?" என்று கத்துகிற பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு உடனே விளங்கிவிடும். ரோல் பிளேயிங் கேம் என்பார்கள். ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து கதையை நடத்துவார், மற்ற மூன்று நாலு பேரும் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள்ளே நடமாடுவார்கள், சண்டை வந்தால் பகடை தீர்மானிக்கும். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் எழுதி வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது. பலகை வேண்டாம், காய் கூடக் கட்டாயமில்லை. பகடையை விட்டால் கட்டாயம் வேண்டியது விதிப் புத்தகம் மட்டும்தான். அந்தப் புத்தகத்தை பிடிஎஃப் ஆக விற்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் விலையைப் பாருங்கள். 2014இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுவோர் கைநூலின் அட்டை விலை 50 டொலருக்கு ஐந்து சதம் குறைவு. 2022இல் இங்கே டொலர் 360 ரூபாவைத் தொட்ட நேரத்தில் அந்த ஒரு புத்தகம் 18,000 ரூபா, கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் தனி. அந்த வருடம் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள், ஞாபகம் இருக்கும். அப்படியான இடத்தில் வெளிநாட்டில் அச்சடித்த கெட்டி அட்டைப் புத்தகம் என்பது பார்த்துப் பெருமூச்சு விடுகிற சாமான். எங்கள் ஊர் மேசைகளுக்கு இந்த விளையாட்டு வந்து சேர்ந்தது பெரும்பாலும் கோப்பாகத்தான், அதில் காசு கொடுத்து வாங்கியது எவ்வளவு, வட்ஸ்அப்பில் வந்தது எவ்வளவு என்பதை இப்போதைக்குக் கிளற வேண்டாம்.

சரி, விற்கிறவர்கள் என்ன செய்தார்கள்? டிரைவ்த்ரூஆர்பிஜி என்ற இணையக் கடை 2004இல் தொடங்கியபோது, கோப்புக்குப் பூட்டுப் போட்டு விற்றது. வாங்கியவர் தன்னுடைய கணினியில் கூட நினைத்தபடி திறக்க முடியாத தொல்லை. ஆட்கள் முணுமுணுக்கவில்லை, நேராகவே சண்டை பிடித்தார்கள். கொஞ்ச நாளில் கடைக்காரர்கள் பூட்டைக் கழற்றிவிட்டு, வாங்கியவர் பெயரையும் ஓர்டர் இலக்கத்தையும் பக்கத்தின் அடியில் சின்னதாக அச்சிடும் முறைக்கு மாறினார்கள். எத்தனை தரமும் திறக்கலாம், பிரின்ட் எடுக்கலாம், ஆனால் ஊருக்கெல்லாம் பரப்பினால் உங்கள் பெயரும் சேர்ந்து ஊர் சுற்றும். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு, வாங்கியவரைக் கள்ளனாக நினைக்காமல் மானமுள்ள மனிதராக நினைக்கிறது.

2009 ஏப்ரலில் நடந்ததுதான் பெரிய பாடம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் உரிமையாளர்களான விசர்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் கொம்பனி, திருட்டுப் பிரதிகள் பரவுகின்றன என்று சொல்லி எட்டுப் பேர் மீது வழக்குப் போட்டது, அதே கையோடு தன்னுடைய பிடிஎஃப் எல்லாவற்றையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. முன்பே காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் திரும்ப டவுன்லோட் செய்யும் வழி அடைபட்டுப்போனது. திருட்டு நின்றதா? எப்படி நிற்கும், காசு கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் இப்போது கள்ளப் பிரதிதானே மிச்சம்! அதே வருடம் ஓகஸ்டில் போட்டிக் கொம்பனியான பைசோ, பாத்ஃபைண்டர் என்ற தன்னுடைய 576 பக்க விதிநூலை வெளியிட்டது. அச்சுப் பிரதி 50 டொலர், பிடிஎஃப் வெறும் 10 டொலர். விசர்ட்ஸ் தன் பழைய நூல்களை 2013 ஜனவரியில் திரும்ப பிடிஎஃப் ஆக விற்பனைக்குக் கொண்டுவந்தது, கிட்டத்தட்ட நாலு வருடம் தானே தன் கடையைப் பூட்டி வைத்திருந்துவிட்டு.

நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாவல் வாசிக்கிறவர் தனியாக வாசிக்கிறார், இந்தப் புத்தகத்தை ஐந்து பேர் சேர்ந்து பாவிக்கிறார்கள். அந்த ஐந்து பேரில் காசு கொடுத்து வாங்குகிறவர் அநேகமாக ஒருவர்தான், அவர்தான் கேம் மாஸ்டர், அவரே அடுத்த புத்தகத்தையும் வாங்கப் போகிறவர். அவரைப் பூட்டுப் போட்டு எரிச்சல்படுத்தினால் முழு மேசையும் வேறு விளையாட்டுக்குப் போய்விடும். "அண்ணை, பிடிஎஃப் இருந்தா ஒருக்கா அனுப்புங்கோ" என்று கேட்கிற ஆளைப் பிடிக்க ஓடுவதில் பயனில்லை, அவர் எப்படியும் வாங்கப் போவதில்லை.

அதைவிட, கோப்பை நல்லதாகச் செய்வதில் அந்த நேரத்தைச் செலவழிக்கலாம். விளையாட்டு நடுவில் ஒரு விதியைத் தேடும்போது எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆகவே அத்தியாயத்துக்கு அத்தியாயம் புக்மார்க் வேண்டும், பொருளடக்கத்தில் தொட்டால் அந்தப் பக்கம் திறக்க வேண்டும். இரண்டு நிரலாகப் பிரித்த ஏ4 பக்கத்தைப் போனில் வாசித்துப் பாருங்கள், கண் பிதுங்கிவிடும், அதனால்தான் பலர் இப்போது ஏ5 அளவில் செய்கிறார்கள். பழைய தோல் மாதிரிப் பின்னணி போட்ட அழகான பக்கங்களோடு, படமில்லாத வெள்ளைப் பக்கப் பதிப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள், போட்டோக்கொப்பிக் கடையில் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போடுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

தமிழில் செய்கிறவர்களுக்கு இன்னொரு தலையிடி. நம் ஊரில் இன்னமும் பாமினி எழுத்துருவில் பக்கம் வடிவமைக்கிற அச்சகங்கள் இருக்கின்றன, கண்ணுக்கு லட்சணமாகத் தெரியும், ஆனால் அந்தக் கோப்பில் "மந்திரம்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கிற யூனிகோடில் செய்தாலும் சில மென்பொருள்கள் கொம்பையும் காலையும் இடம் மாற்றி வைத்துவிடும். விற்பதற்கு முன் இரண்டு மூன்று போனில் திறந்து, தேடிப் பாருங்கள். தேட முடியாத விதிநூலுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன், உங்களையும் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

காசுக் கணக்குக்கு வருவோம். டிரைவ்த்ரூஆர்பிஜியில் அங்கே மட்டும் விற்றால் பதிப்பாளருக்கு 70 சதவீதம், வேறு இடத்திலும் விற்றால் 65 என்பதுதான் நெடுங்காலக் கணக்கு. இட்ச் டொட் ஐஓ என்ற கடையில் கடைக்கு எவ்வளவு என்பதை விற்கிறவரே தீர்மானிக்கலாம், ஒன்றும் மாற்றாமல் விட்டால் 10 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சேர்ந்த காசு கொழும்புக்கு வர வேண்டுமே! பேபாலில் இங்கிருந்து காசு கட்டலாம், வாங்க முடியாது என்று பல வருடம் நாங்கள் பட்ட பாட்டை ஒன்லைனில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பயோனியர் மாதிரி, வெளிநாட்டுப் பணத்தை வாங்கித் தருகிற சேவைகள் வழியாகத்தான் பலர் வங்கிக் கணக்குக்குக் காசை இறக்குகிறார்கள். ஆகவே கடையைத் தெரிவு செய்யும்போது கழிவு எவ்வளவு என்பதற்கு முன்னால், எந்த வழியில் பணம் அனுப்புவார்கள், ஆகக் குறைந்த தொகை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை விற்பது என்று கேட்பீர்கள். 2023 ஜனவரியில், தன்னுடைய விதிகளை வைத்து மற்றவர்களும் நூல் செய்து விற்க 2000ஆம் ஆண்டிலிருந்து இடம் கொடுத்த திறந்த உரிமத்தை விசர்ட்ஸ் இறுக்கப் போகிறது என்று ஒரு வரைவு கசிந்து உலகம் முழுக்க ஆட்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த மாதம் 27ஆம் தேதி கொம்பனி இறங்கிவந்து, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை, சுமார் 400 பக்கம், கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற, யாரும் எடுத்துப் பாவிக்க விடுகிற பொது உரிமத்தில் வெளியிட்டது. அதைத் தமிழில் மொழிபெயர்த்து விற்க யாருக்கும் கடிதம் எழுதத் தேவையில்லை. உரிமம் கேட்கிற நன்றிக் குறிப்பைப் புத்தகத்தில் போட வேண்டும், மொழிபெயர்ப்பு என்று சொல்ல வேண்டும், அவர்களுடைய சின்னத்தை அட்டையில் போட்டு அவர்கள் வெளியீடு மாதிரிக் காட்டக் கூடாது, அவ்வளவுதான். 400 பக்கத்தையும் ஒரே மூச்சில் தொடாதீர்கள். புதிதாக விளையாட வருகிறவருக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, கூடவே பேய் குடியிருக்கிற ஒரு பழைய பங்களாவையோ இராவணன் காலத்துக் குகையையோ வைத்து ஒரு சின்னக் கதையும் எழுதி, 40 பக்கத்தில் முடித்து 500 ரூபாவுக்குப் போடுங்கள். இங்கே உள்ளவர்கள் நேரே வங்கிக் கணக்குக்குக் காசு போட்டால் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு மட்டும் இணையக் கடை போதும்.

நன்றி, வணக்கம்.