ஓரல் செக்ஸுக்குப் பிறகு எந்த டெஸ்ட், எப்போ எடுக்கணும்?

வணக்கம். வாய்வழி உறவு முடிஞ்ச ரெண்டாவது நாளே லேபுக்கு ஓடி எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கிறவங்க நிறைய பேர். ரிசல்ட் நெகட்டிவ்னு வரும், ஆனா மனசு ஆறாது. அடுத்த வாரம் வேற லேப், அதுக்கடுத்த வாரம் இன்னொன்னு. இவ்வளவு அலைச்சல்லயும் ஒருத்தரும் அவங்க தொண்டையைப் பாத்திருக்க மாட்டாங்க. ஓரல் செக்ஸ்ல நிஜமா கவனிக்க வேண்டியது கொனோரியா, சிபிலிஸ்ங்கிற ரெண்டு பால்வினை நோய்களைத்தான். அதனால இன்னைக்கு அதைப் பத்தித்தான் அதிகமா பேசப் போறேன்.

[திரையில்: சென்ட்ரல் ஸ்டேஷன், எதிரே அரசு பொது மருத்துவமனை]

எச்.ஐ.வி. பயம் நம்ம ஊர்ல இவ்வளவு ஆழமா இறங்கினதுக்குக் காரணம் இருக்கு. 1986-ல இந்தியாவிலேயே முதல் முறையா எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடிச்சது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல இருந்தவங்கதான். டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் சேர்ந்து செஞ்ச வேலை அது. அதுக்கப்புறம் சுவர் விளம்பரம், ரேடியோ, டி.வி.னு ஒரு தலைமுறையே இந்த ஒரு பேரைக் கேட்டு வளர்ந்தது.

ஆனா வாய்வழியா எச்.ஐ.வி. பரவுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். எச்சில்ல அந்த வைரஸ் பரவாது. அதோட, வைரஸை முடக்குற பொருட்களும் எச்சில்ல இருக்கு. உங்களுக்கு இன்னொருத்தர் வாய்வழியா செஞ்சிருந்தா, ஆபத்து கிட்டத்தட்ட இல்லைனே சொல்லலாம். நீங்க செஞ்சிருந்தா மிகக் குறைவு. ஈறுல ரத்தக்கசிவோ வாய்ப்புண்ணோ இருந்து, விந்தும் வாய்க்குள்ள போயிருந்தா கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஓரலோட நிக்காம ஆணுறை இல்லாத உறவும் நடந்திருந்தா கணக்கு வேற. அப்போ 72 மணி நேரத்துக்குள்ள டாக்டரைப் பாருங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தேவைப்பட்டா பி.இ.பி.னு ஒரு தடுப்பு மருந்து குடுப்பாங்க, 28 நாள் சாப்பிடணும்.

[திரையில்: வாய், தொண்டைப் படம். டான்சில் பகுதி சிவப்பாகிறது]

இப்போ கொனோரியா. வெட்டை நோய்னு பெரியவங்க சொல்வாங்க. இது ஆணுறுப்புல வந்தா பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள தெரிஞ்சிடும்: எரிச்சல், சீழ். தொண்டையில வந்தா பெரும்பாலும் ஒண்ணுமே தெரியாது. வலிச்சாலும் சாதாரண தொண்டை வலின்னு வெந்நீர்ல உப்பு போட்டு கொப்பளிச்சுட்டு விட்டுடுவோம். ஆனா அங்கிருந்தே அது அடுத்தவங்களுக்குப் போகும்.

சிக்கல் எங்கேன்னா, லேப்ல விக்கிற பால்வினை நோய் பேக்கேஜ்கள் பலதும் ரத்தமும் சிறுநீரும் மட்டும்தான் எடுக்கும். சிறுநீர்ல பார்த்தா சிறுநீர்ப் பாதையில இருக்கிற கிருமிதான் தெரியும். தொண்டையில இருக்கிற கொனோரியா அதுல சிக்காது. நீங்க ஓரல் செஞ்சவரா இருந்து, கையில 'எல்லாம் நார்மல்'னு ரிப்போர்ட் இருந்தாலும், தேட வேண்டிய இடத்துல யாரும் தேடலைன்னுதான் அர்த்தம்.

அதனால கேக்க வேண்டிய டெஸ்ட் இது: தொண்டை ஸ்வாப், கொனோரியாவுக்கும் கிளமிடியாங்கிற இன்னொரு பால்வினை நோய்க்கும் பி.சி.ஆர். கொரோனா சமயத்துல தொண்டையில குச்சி விட்டு எடுத்தாங்களே, அதே மாதிரிதான். உள்நாக்குக்குப் பின்னாடி, டான்சில் பக்கம் தடவி எடுப்பாங்க, ஒரு நொடி குமட்டும். எல்லா லேப்லயும் கிடைக்காது, கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. உறவு நடந்து ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தா ரிசல்ட்டை நம்பலாம். உங்களுக்கு ஒருத்தர் ஓரல் செஞ்சிருந்தா ஆண்களுக்கு சிறுநீர் டெஸ்ட், பெண்களுக்குப் பிறப்புறுப்பு ஸ்வாப்.

சிபிலிஸ் இன்னும் மௌனமானது. கிருமி புகுந்த இடத்துல 10 நாள்லேர்ந்து 90 நாளுக்குள்ள, பொதுவா மூணு வாரத்துல, ஒரு புண் வரும். உதடு, நாக்கு, தொண்டை, உறுப்பு, எங்கே வேணும்னாலும். வலிக்காது. தானாவே ஆறிடும். ஆறினதும் போயிடுச்சுன்னு நினைப்போம், ஆனா நோய் உள்ளேயேதான் இருக்கும். சில வாரம் கழிச்சு உடம்புல தடிப்பு வரும், உள்ளங்கை உள்ளங்கால்ல கூட. வாய்ப்புண் வலிக்கலைன்னா அதை நல்ல சேதின்னு எடுத்துக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.

இதுக்கு ரத்தப் பரிசோதனை போதும். வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர்., கூடவே டி.பி.எச்.ஏ. ரெண்டும் சேர்த்துப் பாக்கறது முக்கியம், ஏன்னா கர்ப்பம், லூபஸ்ங்கிற எதிர்ப்பு சக்திக் கோளாறு மாதிரி வேற காரணங்களாலயும் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் காட்டலாம். ஆறு வாரத்துல ஒரு தடவை, மூணு மாசத்துல ஒரு தடவை எடுங்க. எச்.ஐ.வி. டெஸ்டையும் இதே ரத்தத்தோட சேர்த்துக்கலாம். வைரஸோட பகுதியையும் எதிர்ப்பொருளையும் சேர்த்தே தேடுற நாலாம் தலைமுறை டெஸ்ட் 45 நாள்ல நல்லாவே சொல்லிடும், மூணாம் மாசம் எடுத்தது நெகட்டிவ்னா அதோட நிறுத்திக்கோங்க. அதுக்கு மேல எடுக்கிற டெஸ்ட் புதுசா எதையும் சொல்லாது. சிபிலிஸ் ஆரம்பத்துலேயே தெரிஞ்சா பென்சிலின் ஊசியில குணமாகிடும்.

ஹெர்பீஸ் பத்தி ரெண்டு வரி. காய்ச்சலுக்கு அப்புறம் உதட்டோரம் கொத்தா கொப்புளம் வருமே, அந்த வைரஸ் ஓரல் மூலமா உறுப்புக்கும் போகும். கொப்புளம் இருந்தா அதுலேர்ந்து ஸ்வாப் எடுக்கலாம். ஒரு அறிகுறியும் இல்லாம ரத்தத்துல ஹெர்பீஸ் தேட வேண்டாம், வீண் கவலைதான் மிஞ்சும். எச்.பி.வி.ங்கிறதும் உறவு மூலமா பரவுற வைரஸ்தான், அதுக்குத் தடுப்பூசி இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க.

[திரையில்: கிளினிக் பெயர்ப்பலகை. டி.டி.வி.எல்., எம்.டி. டி.வி.எல். பட்டங்கள் பெரிதாகின்றன]

சரி, சென்னையில எங்கே போறது? போர்டுல இந்தப் பட்டம் போட்ட தோல் டாக்டர்தான் பால்வினை நோய்க்கும் டாக்டர். காசு இல்லைன்னா சென்ட்ரல் எதிர்ல ஜி.எச்., அங்கே பால்வினை நோய்க்குன்னே தனித் துறை இருக்கு. அரசு ஆஸ்பத்திரிகள்ல 'நம்பிக்கை மையம்'னு போர்டு பாருங்க. எச்.ஐ.வி. டெஸ்ட் இலவசம், ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி ஆலோசகர் உங்ககிட்ட தனியா பேசுவாங்க. உங்க ஒப்புதல் இல்லாம டெஸ்ட் எடுக்கவோ ரிசல்ட்டை மத்தவங்களுக்குச் சொல்லவோ 2017 எச்.ஐ.வி. சட்டம் பொதுவா அனுமதிக்கல. எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்கு போன் பண்ணியும் கேக்கலாம், கட்டணம் இல்ல.

டாக்டர் முன்னாடி உக்காந்து 'சும்மா ஒரு செக்கப்'னு சொல்லாதீங்க. 'ஓரல் செக்ஸ் நடந்தது, மூணு வாரம் ஆச்சு, ஆணுறை இல்ல, நான்தான் செஞ்சேன்'னு சொல்லுங்க. இதைச் சொன்னாத்தான் தொண்டை ஸ்வாப் எழுதணும்னு அவருக்குத் தெரியும். ரெண்டு ஆண்களுக்கு நடுவுல நடந்ததுன்னாலும் தயங்க வேண்டாம். வயது வந்தவங்க சம்மதத்தோட செய்றது குற்றம் இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2018-லயே சொல்லிடுச்சு. ஒரு டாக்டர் முகம் சுளிச்சா எழுந்து வாங்க, இன்னொரு டாக்டரைப் பாருங்க. உங்க உடம்பு அவரோட அபிப்பிராயத்தை விட முக்கியம்.

மெடிக்கல் ஷாப்ல நீங்களா ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுறது மட்டும் வேண்டாம். கொனோரியா பல மருந்துகளுக்கு அடங்காம ஆகிடுச்சு, தொண்டையில இருக்கிறது இன்னும் பிடிவாதம். சரியான ஊசி போட்ட பிறகும், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஸ்வாப் எடுத்துப் போயிடுச்சான்னு பாக்கணும்.

பாசிட்டிவ்னு வந்தா துணைக்குச் சொல்லியே ஆகணும். நீளமா எழுத வேண்டாம். 'எனக்கு டெஸ்ட்ல கொனோரியா வந்திருக்கு, மருந்து எடுத்துட்டேன், நீயும் தொண்டையையும் சேர்த்து டெஸ்ட் பண்ணிக்கோ' — இது போதும். சிகிச்சை முடிஞ்சு ஏழு நாள் வரைக்கும் ரெண்டு பேரும் உறவைத் தள்ளி வைங்க. அவங்களுக்கு இன்னும் சிகிச்சை நடக்கலைன்னா, அது முடிஞ்சு ஏழு நாள் ஆகுற வரைக்கும்.