ஆறு துண்டுகளாக வெட்டிய டிஎன்ஏ ஐந்து பட்டைகளாகத் தெரிவது ஏன்?

[திரையில்: நீண்ட கோடு ஒன்று, அதில் ஐந்து வெட்டுக்குறிகள்]

பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் டிஎன்ஏ 48,502 கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்துச் சோடிகள்) நீளமுடையது. ஈகோ-ஆர்-ஒன் என்னும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதி அதனை ஐந்து இடங்களில் வெட்டுவதால் ஆறு துண்டுகள் கிடைக்க வேண்டும். ஆயினும் துண்டுகளை மின்சாரத்தால் ஓடவிட்டு நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில், பல வேளைகளில் ஐந்து பட்டைகளையே எண்ண முடிகிறது. நொதியின் மீது பழி போடுவதற்கு முன், வெட்டும்போதும் பிரிக்கும்போதும் நடப்பதைக் கவனிப்போம்.

[திரையில்: இரு இழைகளிலும் ஜி-ஏ-ஏ-டி-டி-சி வரிசை]

இந்த நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்து வரிசையைக் கண்டறிந்து, முதல் ஜி-க்கும் அடுத்த ஏ-க்கும் இடையே வெட்டுகிறது. எதிர் இழையை அதன் திசையில் படித்தாலும் இதே வரிசைதான் வரும். 'விகடகவி' போல என்று சொல்லத் தோன்றும். ஆனால் அங்கே ஒரே சொல் இருபுறமிருந்தும் படிக்கப்படுகிறது, இங்கே இரண்டு இழைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. பாக்டீரியா இந்த நொதியை வைத்திருப்பது ஊடுருவும் வைரஸின் டிஎன்ஏவை நறுக்குவதற்காக. தன் டிஎன்ஏவில் அதே வரிசை வரும் இடங்களை மீத்தைல் தொகுதியால் மறைத்துக் காத்துக்கொள்கிறது.

[திரையில்: அகரோஸ் ஜெல், குழிகள், மின்முனைகள்]

பாஸ்பேட்டுகளால் டிஎன்ஏ எதிர்மின்னூட்டம் பெற்றிருப்பதால் நேர்முனையை நோக்கி நகரும். எனவே குழிகள் எதிர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். கம்பிகளை மாற்றிப் பொருத்தினால் டிஎன்ஏ பின்புறமாக வெளியேறித் தாங்கல் கரைசலில் கலந்துவிடும். நீளம் கூடக்கூட மின்னூட்டமும் அதே விகிதத்தில் கூடுவதால், மின்புலம் மட்டும் துண்டுகளைப் பிரித்துவிடாது. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகரோஸின் நுண்வலைதான் நீண்ட துண்டுகளைத் தாமதப்படுத்திக் குறுந்துண்டுகளை முன்னே விடுகிறது.

[திரையில்: புறஊதா ஒளியில் ஒளிரும் பட்டைகள்]

நமது ஆறு துண்டுகளின் நீளங்கள் 21,226, 7,421, 5,804, 5,643, 4,878, 3,530. நடுவிலுள்ள 5,804-க்கும் 5,643-க்கும் வேறுபாடு 161 மட்டுமே என்பதால், சிறிது தூரமே ஓடிய ஜெல்லில் இரண்டும் ஒரே பட்டையாகப் படிந்துவிடுகின்றன. இதைப் பட்டையின் ஒளியே காட்டிக்கொடுக்கும்: டிஎன்ஏவைப் புறஊதா ஒளியில் ஒளிரச் செய்யும் சாயம் நீண்ட துண்டில் அதிகம் ஒட்டுவதால் கீழே போகப்போக ஒளி குறைய வேண்டும், ஆனால் இந்தப் பட்டை தனக்கு மேலுள்ள 7,421-ஐ விடப் பளிச்சென்று தெரியும். மின்னழுத்தத்தைக் குறைத்து, நீளமான ஜெல்லில் கூடுதல் நேரம் ஓட்டினால் அது இரண்டாகப் பிரியும்.

கடைசிப் பட்டை மங்கித் தெரிந்தால் காரணம் வேறு. லாம்டாவின் இரு நுனிகளிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் 12 எழுத்து ஒற்றை இழைகள் நீட்டிக்கொண்டிருப்பதால், 3,530 துண்டுகளில் ஒரு பகுதி 21,226 துண்டுடன் ஒட்டிக்கொண்டு மேலேயே தங்கிவிடுகிறது. ஜெல்லில் ஏற்றுவதற்கு முன் மாதிரியை 65 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் சூடாக்கி உடனே பனிக்கட்டியில் வைத்தால், அந்தப் பிடி விட்டுவிடும்.