கூசாமல் வாங்க வைத்த மனுஷன்

(நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்தநாளன்று நாகர்கோவிலில் ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கார்த்திகை மாசம், நாகர்கோவில், மழை பெய்யத்தான் செய்யும். அதில் நனைந்துகொண்டே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஈரக் குடைகளை வாசல் பக்கம் வைத்துவிட்டால் நல்லது. தரை வழுக்குகிறது. கலைவாணர் கூட்டத்தில் ஒருத்தர் வழுக்கி விழுந்தால், தூக்கிவிடுவதற்கு முன்னால் நாம் எல்லோரும் சிரித்துவிடுவோம். விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு ஒன்று உண்டு. விழுந்தவனும் எழுந்து நம்மோடு சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு இன்னொன்று. இன்றைக்கு நான் பேச வந்தது அந்த இரண்டாவதைப் பற்றி.

1908 நவம்பர் 29. இங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒழுகினசேரியில் பிறந்தார். அப்பா சுடலைமுத்துப் பிள்ளை, அம்மா இசக்கியம்மாள். என்.எஸ். என்றால் நாகர்கோவில் சுடலைமுத்து. அப்பா பேரில் சுடலை, அம்மா பேரில் இசக்கி. இந்த இரண்டு பேரையும் கேட்டாலே நம்ம ஊர்க்காரர் காதில் வில்லுப்பாட்டுக் குடம் ஒலிக்கும். கோயில் கொடைவிழா நடக்கிற ராத்திரிகளில் சுடலைமாடன் கதையும் இசக்கியம்மன் கதையும் கேட்டுத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம்? அந்தப் பையனும் அப்படித்தான் வளர்ந்தான். பின்னாளில் அதே வில்லை எடுத்துக்கொண்டு போய் காந்தி கதை பாடினார். அதற்குப் பாட்டு எழுத நெல்லைப் பக்கத்து இளைஞர் ஒருவரைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர்தான் பின்னால் பத்மஸ்ரீ வாங்கிய சுப்பு ஆறுமுகம். கொடைக்கு வில் அடிக்கிறவனைத் திண்ணையோடு நிறுத்திய காலம் அது. அந்த வில்லுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவர் நம்ம ஒழுகினசேரிக்காரர்.

படிப்பு நாலாம் வகுப்போடு சரி. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார், அப்புறம் அதே கொட்டகைக்குள் நடிகனாகப் போனார். டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் இருந்தார். 1936இல் வந்த 'சதி லீலாவதி'யில் நடித்தார். எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். இந்த வருஷக் கணக்கெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும், நான் இழுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கலைவாணருடைய நகைச்சுவைப் பகுதியை அவரே யோசித்து, தன் ஆட்களை வைத்துத் தனியாக எடுத்துக் கொடுப்பார். படத்திலும் வீட்டிலும் ஜோடி டி.ஏ. மதுரம். பாட்டுக்கு உடுமலை நாராயணகவி. புளிமூட்டை ராமசாமி, காகா ராதாகிருஷ்ணன் என்று கூடவே ஒரு பட்டாளம். படக் கதைக்கும் இவர் பகுதிக்கும் சில இடங்களில் சம்பந்தமே இருக்காது. கதாநாயகன் ஒரு பக்கம் அழுதுகொண்டிருப்பான், திடீரென்று இவரும் மதுரமும் சண்டை போடுவார்கள். நேர்மையாகச் சொல்கிறேன், இன்றைக்குப் போட்டுப் பார்த்தால் அதில் பாதி நமக்குச் சிரிப்பு வராது. பிரிண்டும் கீறல், சத்தமும் கரகரப்பு. ஆனால் மிச்சப் பாதி இருக்கிறதே, அதுதான் சமாச்சாரம்.

எனக்கு அவர் அறிமுகமானது என் ஆச்சி மூலமாக. அறுபதுகளில் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் பழைய படமாக 'ராஜா ராணி' வந்தது. மணலைக் குவித்து மேடு கட்டி ஆச்சி உட்கார்ந்தாள், மடியில் நான். சின்ன வயசிலேயே தாலி அறுத்தவள். நாலு பேர் முன்னால் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தால் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள். அந்தப் படத்தில் சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகச் சிரித்துக்காட்டுகிற பாட்டு ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். கலைவாணர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் தோள் குலுங்க, அப்புறம் நிறுத்த முடியாமல். முன்னால் பீடி பிடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது. பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஒரு குழந்தை கீச்சென்று சிரித்தது. அதைக் கேட்டு இன்னும் பத்துப் பேர். அந்த நேரம் பார்த்து ரீல் அறுந்தது.

திரை வெள்ளையாகிவிட்டது. வழக்கமாக என்ன நடக்கும்? விசில், திட்டு, ஆபரேட்டரின் அப்பா அம்மாவை இழுப்பது. அன்றைக்கு அதொன்றும் இல்லை. சிரிக்கிற ஆள் திரையில் இல்லை, கொட்டகை மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். ஆச்சியின் முந்தானை மடியில் கிடந்தது. அந்த முகத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

சரி, அவருடைய கருணைக்கு வருவோம். வருமானவரி அதிகாரி கதையைக் கேட்காத மேடை தமிழ்நாட்டில் இல்லை, இருந்தாலும் தெரியாத பிள்ளைகள் இருப்பார்கள். கலைவாணர் கணக்கில் பெரிய பெரிய தொகையாகத் 'தர்மம்' என்று எழுதியிருக்கிறது, ஒன்றுக்கும் ரசீது இல்லை. அதிகாரிக்குச் சந்தேகம். ஏழை வேஷத்தில் போய், மகளுக்குக் கல்யாணம் என்று கேட்கிறார். கலைவாணர் ஒரு கேள்வி கேட்காமல் பணத்தை எடுத்துக் கொடுக்கப் போகிறார். அதிகாரி தான் யாரென்று சொல்லி, உமக்குக் கிருஷ்ணன் என்று தப்பாகப் பேர் வைத்துவிட்டார்கள், கர்ணன் என்று வைத்திருக்க வேண்டும் என்கிறார். கதை அவ்வளவுதான். எல்லோரும் அந்தக் கர்ணனில் முடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் ரசீது இல்லை என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. கர்ணன் கொடுத்தது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும். இவர் கொடுத்தது கணக்குப்பிள்ளைக்கே சரியாகத் தெரியவில்லை. ரசீது என்றால் வாங்கியவன் பேரும் கையெழுத்தும் ஒரு காகிதத்தில் கிடக்கும். அது கிடக்க வேண்டாம் என்று நினைத்த மனசு அது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானும் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தேன். ஒரு பையன், நன்றாகப் படிக்கிறவன், பரீட்சைக்குப் பணம் கட்ட முடியாமல் நின்றான். நான் ஆசிரியர் அறையில் கூப்பிட்டு, ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, சட்டைப்பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தேன். 'நல்லாப் படிக்கணும், என்ன?' என்று ஒரு உபதேசம் வேறு. மறுநாளிலிருந்து அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டால் குனிந்துகொண்டே பதில் சொல்வான். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நல்ல வேலையில் இருக்கிறான். 'டீ சாப்பிடுங்க சார்' என்றான். குடித்துவிட்டு நான் பைக்குள் கைவிட்டதும், 'இருக்கட்டும் சார், நான் கொடுக்கிறேன்' என்று கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். எனக்கு அந்த டீ நெஞ்சிலேயே நின்றது.

பணம் கொடுத்தேன், அதில் குறையில்லை. கொடுக்கிற விதம் எனக்குத் தெரியவில்லை.

அந்த விதம் கலைவாணருக்கு எங்கிருந்து வந்தது? அவர் படங்களிலேயே அது இருக்கிறது என்பது என் கட்சி. 'நல்லதம்பி', 1949, அண்ணா எழுதிய படம். அதில் கிந்தனார் காலட்சேபம் பண்ணுவார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் ஊருக்கெல்லாம் தெரியும். அதே பாகவதர் வேஷம், அதே பின்பாட்டு, அதே இழுப்பு. ஆனால் நந்தன் இங்கே கிந்தன் ஆகிவிட்டான். நந்தன் சிதம்பரம் போக ஆசைப்பட்டான், கிந்தன் படிக்க ஆசைப்படுகிறான். சாதியைச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டுகிறார்கள். ரயிலேறிச் சென்னைக்குப் போகிறான். அந்த ரயில் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். எல்லாச் சாதியையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிற ரயிலைப் பார்த்து ஒருவன் ஆச்சரியப்படுகிறான். படித்து, பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற அதிகாரியாகி, விரட்டிய அதே பள்ளிக்கூடத்துக்கே வருகிறான்.

இது எந்த ஊர்க்காரர் எடுத்த கதை என்று நினைத்துப் பாருங்கள். நாகர்கோவில் அன்றைக்குத் திருவிதாங்கூரில் இருந்தது. இங்கே எல்லோரும் கோயிலுக்குள் போகலாம் என்று மகாராஜா உத்தரவு போட்டதே 1936 நவம்பரில்தான். கிந்தனார் வந்தபோது அதற்குப் பன்னிரண்டு வயசு. கொட்டகையில் கிந்தனும் உட்கார்ந்திருப்பான், கிந்தனை விரட்டியவரும் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல வேண்டும். திட்டியிருந்தால் ஒருவர் எழுந்து போயிருப்பார். அழவைத்திருந்தால் கிந்தன் கூனிக் குறுகியிருப்பான். இவர் காலட்சேபம் பண்ணினார். சிரிப்பு முடிகிற இடத்தில் பார்த்தால் விரட்டியவருக்குத் தான் செய்தது விளங்கியிருக்கும், கிந்தனுக்குத் தலை நிமிர்ந்திருக்கும். பணத்தை ரசீது இல்லாமல் கொடுத்த அதே கைதான் இங்கே புத்தியையும் கொடுத்தது.

அவருக்கும் கெட்ட காலம் வந்தது. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்திக்குத்துப் பட்டுச் செத்துப்போனார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். ஆயுள் தண்டனை. 'ஹரிதாஸ்' படம் சென்னையில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது, அதில் நடித்த இரண்டு பேரும் ஜெயிலில். மதுரம் அம்மா இங்கே நாடகக் கம்பெனியை நடத்தினார். எஸ்.வி. சகஸ்ரநாமம் கூட நின்றார். வழக்கு அன்றைக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், திரும்ப விசாரிக்கச் சொல்லி, 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். பாகவதருக்கு அந்தப் பழைய கிரீடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. கலைவாணர் என்ன செய்தார்? ஜெயிலுக்குப் போய்வந்ததையே பாட்டாக்கி 'பைத்தியக்காரன்' படத்தில் பாடினார். ஊர் முதுகுக்குப் பின்னால் பேசுவதற்கு முன் இவரே முன்னால் நின்று சிரித்துவிட்டார். பார்க்க வந்தவனுக்கும் கூச்சம் போயிற்று.

அப்புறம் மளமளவென்று வேலை. 1951இல் 'மணமகள்', அடுத்த வருஷம் 'பணம்', இரண்டையும் அவரே இயக்கினார். 'பணம்' படத்தில்தான் விஸ்வநாதன் ராமமூர்த்தி என்று இரண்டு பேரும் சேர்ந்து இசையமைப்பாளர்கள் ஆனார்கள். சம்பாதித்ததெல்லாம் வந்த வழியே போயிற்று. கடைசி நாட்களில் கையில் ஒன்றும் இல்லை. அதைப் பற்றிச் சோகமாக நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள், நான் பேசப்போவதில்லை. மிச்சம் வைக்காததைக் குறையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மதுரம் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு கேள்வி. அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

1957 தேர்தல். தி.மு.க. முதல்முறையாக நிற்கிறது, காஞ்சிபுரத்தில் அண்ணா. எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். கலைவாணர் பிரசாரத்துக்குப் போய் நின்று, டாக்டரைப் புகழ ஆரம்பித்தாராம். கைராசிக்காரர், ஏழைகளுக்கு இரக்கப்படுகிறவர், ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருவார் என்று ஒரே புகழ். கட்சிக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் சொன்னாராம்: இப்பேர்ப்பட்ட டாக்டரை ஓட்டுப் போட்டுச் சென்னைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? அவரை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், அண்ணாவை அனுப்பிவிடுங்கள். சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைதான். ஆனால் அந்த டாக்டர் மறுநாள் இதைக் கேள்விப்பட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார் இல்லையா? தோற்கப்போகிறவனுக்கும் கையில் ஏதோ கொடுத்து அனுப்புகிற ஆள். அண்ணா ஜெயித்தார். அதே வருஷம் ஆகஸ்ட் 30ஆம் தேதி கலைவாணர் போய்விட்டார். 48 வயசு.

சென்னை தியாகராய நகரில் ஜி.என். செட்டி ரோட்டில் அவர் சிலை இருக்கிறது. 1969 ஜனவரி 14, பொங்கல் அன்றைக்கு அண்ணா வந்து திறந்து வைத்தார். அப்போது அவர் முதலமைச்சர், புற்றுநோய் முற்றியிருந்தது. அதற்கப்புறம் அவர் எந்தப் பொது நிகழ்ச்சிக்கும் போகவில்லை. பிப்ரவரி 3ஆம் தேதி அவரும் போனார். டாக்டர்கள் சூழ இருந்த அந்த நாட்களில், காஞ்சிபுரத்துப் பேச்சு அவருக்கு ஞாபகம் வந்திருக்குமா என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

தம்பி ரொம்ப நேரமாக ஸ்விட்ச் பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே பார்க்கிறார். கிந்தனார் பகுதியைத் திரையிடப் போகிறார்கள். பின்னால் நிற்கிற பிள்ளைகள் முன்னால் வந்து தரையில் உட்காருங்கள், ஈரம் காய்ந்துவிட்டது. ரயில் வருகிற இடத்தில் யாரும் பேசாதீர்கள். நடுவில் படம் நின்றுபோனால் பரவாயில்லை. விளக்கை அணைத்துவிடலாம் தம்பி.